பூந்திக்கொட்டை: நுரைக்கும், ஆனால் சோப்பு அல்ல

நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை கேட்டால் இரண்டில் ஒன்று கைக்கு வரும். ஒன்று, இரண்டு மூன்று உருண்டைகள் ஒட்டிப் பிறந்ததுபோல, தோல் சுருங்கிச் செம்பழுப்பாக இருக்கும். மற்றது தனி உருண்டை. தோல் வழவழப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் மின்னும், ஆட்டினால் உள்ளே விதை கடகடக்கும். கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், மரங்கள்தான் வேறு.

ஒட்டிப் பிறந்தது தென்னிந்தியாவிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் வளரும் மரத்தின் காய். தாவரப் பெயர் சபிண்டஸ் எமார்ஜினேட்டஸ். ‘எமார்ஜினேட்டஸ்’ என்றால் நுனி குழிந்தது என்று பொருள். ஒரு காம்பில் இரண்டு அல்லது மூன்று இணைச் சிற்றிலைகள் இருக்கும். சிற்றிலையின் நுனி கூராக முடியாமல் சற்றே உள்வாங்கியிருக்கும். சபிண்டஸ் டிரைஃபோலியேட்டஸ் என்ற பெயரும் இதையொட்டியே வழங்குகிறது. சில தாவர நூல்கள் இரண்டையும் ஒன்றாகவும், சில தனித்தனியாகவும் வைக்கின்றன. கடைச் சரக்கைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை. தனி உருண்டையாக வருவது இமயமலை அடிவாரத்து மரம், சபிண்டஸ் முக்கோரோசி. இதில் ஒரு காம்புக்கு ஐந்து முதல் பத்து இணைச் சிற்றிலைகள் வரை உண்டு. வடநாட்டில் ‘ரீட்டா’ என்று மூட்டை மூட்டையாக விற்பது இதைத்தான்.

இரண்டும் லிச்சி, ரம்புட்டான் குடும்பம். வேலியில் படரும் முடக்கத்தானும் இதே குடும்பம்தான்.

பெயர்கள் சொல்லும் சேதி

தமிழில் பூந்திக்கொட்டை, பூவந்திக்கொட்டை, பொன்னாங்கொட்டை, நெய்க்கொட்டான் என்று ஊருக்கு ஒரு பெயர். அக்கம்பக்கத்து மொழிகள் மரத்தை வேறு கண்ணால் பார்த்திருக்கின்றன. கன்னடத்தில் அண்ட்டுவாளம், ‘அண்ட்டு’ என்றால் பிசுபிசுப்பு. மலையாளத்தில் பசக்கொட்ட, அங்கும் பசைதான். பழுத்த காயைக் கையில் நசுக்கியவர்களுக்கு இந்தப் பெயர்களின் காரணம் விளங்கும். விரல்கள் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் பட்டபிறகுதான் நுரை வரும். வடமொழியில் ஃபேனிலா, அதாவது நுரையுடையது. சிங்களத்தின் ‘பெனெல’ அந்தச் சொல்லின் வழி வந்தது.

வடமொழியில் இன்னொரு பெயர் அரிஷ்டகம். இந்தி ‘ரீட்டா’ இதிலிருந்து தேய்ந்ததுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘அரிஷ்டம்’ வேப்பமரத்துக்கும் பெயர், புளிக்கவைத்த ஆயுர்வேத மருந்துக்கும் பெயர். பழைய மருந்துக் குறிப்பில் வெறும் ‘அரிஷ்டம்’ என்று கண்டதும் பூந்திக்கொட்டையைப் போட்டுக் காய்ச்சிவிடக் கூடாது.

தாவரவியல் பெயருக்கு வருவோம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் சூட்டிய ‘சபிண்டஸ்’ என்பது ‘சபோ’, ‘இண்டிகஸ்’ என்ற இரு லத்தீன் சொற்களின் சேர்க்கை. இந்திய சோப்பு என்று பொருள். ஆனால் இந்த இனத்துக்கு முன்மாதிரியாக நிற்கும் சபிண்டஸ் சபோனேரியா என்ற மரம் வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அதை ‘சின்ன சோப்பு’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். கடல் கடந்த இரு நிலங்களில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், ஒரே இனத்து மரத்தின் காயை ஒரே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

சீனத்தில் இதன் பெயருக்குக் ‘கவலையில்லாக் கொட்டை’ என்று பொருள். 108 விதைகளைக் கோத்து மாலையாக்கிப் புத்தர் பெயரைச் சொல்லும்படி கூறும் சூத்திரம் ஒன்று அங்கு உண்டு. ஜப்பானில் இதே கருப்பு விதையில் இறகு செருகிப் புத்தாண்டில் மட்டையால் தட்டி விளையாடுவார்கள். அங்கு மரத்தின் பெயர் முக்குரோஜி. ‘முக்கோரோசி’ என்ற தாவரப் பெயர் அதிலிருந்து வந்தது.

சோப்பு அல்ல என்பதன் பொருள்

‘இயற்கை சோப்பு’ என்ற விளம்பரச் சொல்தான் இந்தக் காயைப் பற்றிய பாதிக் குழப்பத்துக்குக் காரணம். சோப்பு என்பது கொழுப்பும் காரமும் சேர்ந்து உருவாகும் உப்பு. அதன் கரைசல் காரத்தன்மை கொண்டது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு ஒன்பது, பத்து என்று போகும். பூந்திக்கொட்டையின் சதைத் தோலில் இருப்பது சபோனின். ஒரு பக்கம் தண்ணீரை விரும்பும் சர்க்கரைத் துண்டுகள், மறுபக்கம் எண்ணெயை விரும்பும் வளையக் கூடு என்று இரு முகம் கொண்ட மூலக்கூறு அது. அழுக்கைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கும் வேலை அதனால் நடக்கிறது. ஆனால் அது உப்பு அல்ல, காரமும் அல்ல. கரைசல் லேசான அமிலமாகவே இருக்கும், பி.எச். நான்கு, ஐந்து அளவில். வட இந்தியக் காயில் சபோனின் எடைக்குப் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது.

இந்த இரண்டு வேறுபாடுகளிலிருந்து மற்றதெல்லாம் பிறக்கிறது. முதலாவது உப்புத் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து வாளி ஓரத்தில் ஒட்டும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதே காரணம். சபோனின் அப்படித் திரியாது. கடினத் தண்ணீரிலும் நுரைக்கும். இரண்டாவது பட்டும் கம்பளியும். இரண்டும் புரத இழைகள். காரம் அவற்றை அரிக்கும். கூட்டிலிருந்து எடுத்த பட்டு நூலின் பசையை நீக்கவே சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். அதே காரத்தில் புடவையை மாதாமாதம் ஊறவைத்தால் பசைக்குப் பின் இழைக்கே கேடு வரும், பளபளப்பு போகும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் அந்த இழையைத் தொந்தரவு செய்வதில்லை.

பழைய சலவை முறையில் இந்தப் பங்கீடு தெளிவாகவே இருந்தது. பருத்தி வேட்டிக்கு உவர்மண்ணும் வெள்ளாவியும். உவர்மண்ணில் இருப்பது காரம். பருத்தி புரதமல்ல, செல்லுலோஸ் என்ற தாவர இழை என்பதால் அதைத் தாங்கும், வியர்வைக் கொழுப்பும் கழன்றுவிடும். பட்டுக்குப் பூந்திக்கொட்டை. எண்ணெய்த் தலைக்கு அரப்பும் சீயக்காயும். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் என்ற எண்ணம் சோப்புக் கட்டியோடு வந்தது. இன்று பூந்திக்கொட்டையை வாங்கிவந்து அந்தக் கட்டியின் இடத்தில் அப்படியே வைப்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள்.

தலைக் குளியலில் இன்னொரு பங்கீடும் உண்டு, அது மொழி எல்லையில் மாறுகிறது. தெலுங்கு வீடுகளில் பண்டிகைத் தலைமுழுக்கென்றால் குங்குடுகாய் (பூந்திக்கொட்டையின் தெலுங்குப் பெயர்) ரசம்தான் முதலில் நினைவுக்கு வரும். தமிழ் வீடுகளில் அந்த இடம் சீயக்காய்க்கும் அரப்புக்கும். சீயக்காய் ஒரு முட்கொடியின் காய், அரப்பு உசிலை மரத்தின் இலைத்தூள். இரண்டும் பூந்திக்கொட்டைக்கு உறவே இல்லாத தாவரங்கள். மூன்றிலும் பொதுவாக இருப்பது சபோனின்.

கஷாயம் வைக்கும் முறை

எந்த வேலைக்கானாலும் தொடக்கம் ஒன்றுதான். காயைத் தட்டி விதையை எடுத்துவிட வேண்டும். நுரை தருவது தோல் மட்டும். விதையில் எண்ணெய் இருக்கிறது, நுரை இல்லை. விதையோடு ஒரு கிலோ வாங்கினால் தோல் ஏறத்தாழ அரை கிலோதான் தேறும். விலை கேட்கும்போது இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதை நீக்கிய தோல் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். சுடுதண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவிடலாம். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. பால் பொங்குவதாவது தீயைக் குறைத்தால் அடங்கும். இது நுரையாக எழுந்து அடுப்பெல்லாம் வழிந்து பிசினாகக் காய்ந்துவிடும். எவர்சில்வரோ மண்சட்டியோ நல்லது. இரும்புச் சட்டியில் கஷாயம் கறுக்க வாய்ப்புண்டு, அந்தக் கறை துணிக்கு ஏறும். ஆறியபின் கையால் நன்றாகப் பிசைந்து, வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் விட்ட துணுக்குகள் துணியில் ஒட்டி, காய்ந்ததும் பழுப்புப் புள்ளியாக நிற்கும். சக்கையில் இன்னும் அரை லிட்டர் ஊற்றி மறுபடி கொதிக்கவைத்தால் இரண்டாம் சாறு வரும்; அது தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும்.

கஷாயம் கெட்டுப்போகும், அதுவும் விரைவாக. தோலில் சர்க்கரை இருப்பதால் வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை அடிக்கும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டிகளாக எடுத்துக்கொள்வதே சரி. பொடியாக வைப்பவர்கள் தோலை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவிட்டு அரைக்க வேண்டும். ஈரம் இருந்தால் மிக்சியின் அடியில் பாகுபோல் ஒட்டிக்கொண்டு பிளேடு சுற்றாது. தப்பித்தவறி ஒரு விதை உள்ளே போனால் பிளேடு மழுங்கும். அரைத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமை.

பட்டுப் புடவை

முதலில் சாயம் பார்க்க வேண்டும். உடலும் கரையும் இருவேறு நிறமாக இருக்கும் புடவையில், உள்மடிப்பு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சாயம் இறங்கினால் அந்தப் புடவை வீட்டில் துவைக்கத் தக்கதல்ல. சாயத்தைப் பிடித்துவைக்கும் சக்தி பூந்திக்கொட்டைக்கு இல்லை.

சாயம் நின்றால், 15, 20 கொட்டையின் தோலை ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, அரை வாளிப் பச்சைத் தண்ணீரில் கலக்கலாம். வாளித் தண்ணீர் கைக்குச் சூடாகத் தெரியக் கூடாது. புடவையை ஐந்து நிமிடம் முக்கி எடுத்து அமுக்கிவிட்டால் போதும். பிரஷ் போடவும் முறுக்கிப் பிழியவும் கூடாது. கழுத்தோரம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கஷாயத்தை நேராகத் தடவி விரலால் நீவலாம். மூன்று தண்ணீர் மாற்றி அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். நுரை போய்விட்டது என்று இரண்டு தண்ணீரோடு நிறுத்தினால் மிச்சமிருக்கும் பசை தூசியை இழுக்கும், மடிப்பில் விறைப்பு வரும். மேலும், ஜரிகையில் வெள்ளியும் செம்பும் உண்டு. லேசான அமிலம் என்றாலும் அதில் மணிக்கணக்கில் ஊறினால் கறுக்கும்.

கம்பளிக்கும் சால்வைக்கும் முறை இதுவே. ஒரு தவறான நம்பிக்கை மட்டும் உண்டு, பூந்திக்கொட்டையில் துவைத்தால் கம்பளி சுருங்காது என்று. கம்பளி சுருங்குவது அதன் செதில்கள் வெப்பத்திலும் தேய்ப்பிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால். தண்ணீர் சூடாக இருந்து, கையால் கசக்கினால் எந்தக் கஷாயமும் அதைத் தடுக்காது.

பொற்பட்டறையில்

இந்தக் காயைத் தமிழ்நாட்டில் விடாமல் வைத்திருப்பவர்கள் பொற்கொல்லர்கள்தான். பற்றவைத்து முடித்த நகையை அமிலத்தில் போட்டு எடுத்தபின், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்துப் பித்தளைக் கம்பி பிரஷால் தேய்ப்பார்கள். அங்கு நுரை அழுக்கு எடுப்பதோடு நிற்பதில்லை. கம்பி நுனி பொன்னைக் கீறாமல் வழுக்கிப் போக உதவுகிறது, அதனால் மினுமினுப்பு வருகிறது. காரம் இல்லாததால் கையும் பொறுக்கும்.

வீட்டில் சங்கிலி, வளையல் கழுவ ஐந்தாறு தோலை அரை லிட்டரில் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பானதும் நகையைக் கால் மணி நேரம் போட்டு, மெல்லிய பல்பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். முத்தும் பவளமும் பதித்த நகைகளை இதில் போடக் கூடாது. இரண்டும் சுண்ணாம்பு வகை. அமிலம் பட்டால் மேற்பரப்பு மங்கும். அரக்கு நிரப்பிய பழைய நகைகளும், கல்லுக்கு அடியில் மினுக்குத் தகடு வைத்தவையும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஆகாது.

வெள்ளிக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கொலுசு கறுப்பது கந்தகம் ஏறியதால். அது அழுக்கு அல்ல, வெள்ளி சல்பைடு என்ற வேறு பொருள். பூந்திக்கொட்டை அதன் மேலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், கறுப்பை எடுக்காது.

தலைக்கு

தலைக்கு மட்டும் என்றால் 10, 12 கொட்டையின் தோல் போதும். கஷாயத்தை மும்மடங்கு தண்ணீரில் நீர்த்து ஊற்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அலச வேண்டும். கண்ணெரிச்சலில் இது சீயக்காயை மிஞ்சும். குழந்தைகளுக்குத் தவிர்ப்பதே மேல். அடர்ந்த நல்லெண்ணெய் வைத்த தலைக்கு இது ஒருமுறையில் போதாது. அரப்பில் சபோனினோடு இலைத்தூளும் இருப்பதால் அது எண்ணெயை உறிஞ்சி எடுத்துப் போகிறது. பூந்திக்கொட்டைக் கஷாயத்தில் அந்தத் தூள் இல்லை. போதவில்லையே என்று திரும்பத் திரும்ப ஊற்றினால் மயிர் வறண்டு நார்போல் ஆகும். சீயக்காய்ப் பொடியில் நுரைக்காகச் சேர்ப்பவர்கள் ஒரு கிலோ சீயக்காய்க்கு 100 கிராமில் நிறுத்திக்கொள்ளலாம்.

சலவை இயந்திரத்தில் ஐந்தாறு தோலைத் துணிப்பையில் கட்டிப் போடும் வழக்கம் இணையத்தில் பரவியிருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் ஓட்டத்தில் தோலிலிருந்து சபோனின் சரியாக இறங்காது. பையை முன்கூட்டியே சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்துப் போட்டால் பயன் உண்டு. பையைப் பிழிந்து பார்த்து நுரை வராவிட்டால் தோலை மாற்ற வேண்டியதுதான். அப்படியும் இரத்தக்கறை, மஞ்சள்கறை, சமையலறைத் துணி இவற்றுக்கு இது சரிப்படாது. கழன்ற அழுக்கு மறுபடி துணியில் படியாமல் தடுக்கும் பொருள்கள் சலவைத்தூளில் உண்டு, இதில் இல்லை. வெள்ளைச் சட்டை பத்துத் துவைப்பில் மங்கித் தெரியும்.

உள்ளே போனால்

சபோனின் இரத்தச் சிவப்பணுக்களின் சவ்வை உடைக்கும். மனிதக் குடல் அதைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை என்பதால் ஒரு துணுக்கு வாயில் பட்டால் ஆபத்தில்லை. அளவு கூடினால் வாந்தியும் பேதியும் வரும். வாந்தி வரவழைக்கவும் சளி அகற்றவும் பழைய மருத்துவத்தில் இதைக் கொடுத்ததற்கு இந்தக் குணமே காரணம். மயக்கம் தெளியப் பொடியை மூக்கில் ஊதும் வழக்கமும் இருந்தது. செய்யக் கூடாத வேலை அது.

மீனுக்கு நிலைமை வேறு. செவுள் வழியாக நேரே இரத்தத்தைத் தொட்டுவிடும். குட்டையில் காயை நசுக்கிப் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் முறை இந்தியக் காடுகளிலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலும் இருந்தது. மீன் வளர்ப்பில் களைமீன்களை அழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போடுவதும் சபோனின் கணக்கில்தான். ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்பது வழக்கமான அளவு. ‘இயற்கையானது, எங்கும் கொட்டலாம்’ என்று துவைத்த தண்ணீரை அல்லி வளர்க்கும் மீன்தொட்டிக்குத் திருப்புபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சலாம்.

கன்று எடுக்க

காய் மாசி, பங்குனியில் முதிர்ந்து உதிரும். கடையில் வாங்கிய காயின் விதையும் முளைக்கும், பழையதாக இல்லாவிட்டால். விதை உறை கல்போன்றது. அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் தண்ணீர் உள்ளே போகாமல் கிடக்கும். சதையை முழுக்கக் கழுவி எடுத்து (ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்), விதையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் உள்வெளுப்பு லேசாகத் தெரியும்வரை தேய்த்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறி உப்பியவற்றை மட்டும் பையில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றலாம். உப்பாதவற்றை மறுபடி தேய்த்து ஊறப்போட வேண்டும். அதிகமாகத் தேய்த்தால் பருப்பு காயப்பட்டு அழுகும். அவசரக்காரர்கள் இங்குதான் விதையை இழக்கிறார்கள்.

ஆணிவேர் வேகமாக இறங்குவதால் பை ஆழமாக இருக்க வேண்டும், சிறு பையில் வேர் சுருண்டால் நட்டபின் கன்று தேங்கிவிடும். ஒரு முழ உயரம் வந்ததும் மழைக்காலத் தொடக்கத்தில் ஆறு மீட்டர் இடைவெளி விட்டு நடலாம். விதைக்கன்று காய்க்க எட்டு, பத்து ஆண்டு ஆகும். முதல் இரண்டு கோடையைத் தண்ணீர் ஊற்றிக் கடத்திவிட்டால் பிறகு வறட்சி தாங்கும். பூக்கும் பருவத்தில் தேனீ மொய்க்கும். நடும் இடத்தில் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும்: கிளை விரியும்போது கிணற்றுக்கும் மீன்குட்டைக்கும் மேலே காய் உதிராதபடி தள்ளி நட வேண்டும்.